யாரும் பார்க்காத சூலகங்கள்

மலேசியாவில் நடக்கப்போகிற மாநாட்டுக்கு இர்ஷானாவை அனுப்புவதென்று பேராசிரியர் அன்னப்பூரணி வந்து சொன்ன நேரத்தில், வதனியின் கையில் ஓர் எலி இருந்தது. அப்போதுதான் வயிற்றில் தையல் போட்டு முடித்த எலி. மயக்கம் தெளியும்வரைக்கும் அதைத் துணியில் சுற்றி உள்ளங்கைச் சூட்டில் வைத்திருப்பது அவள் வழக்கம். மற்ற நாளென்றால் எலிக்கூடத்துக்குள் யார் வந்து எதைச் சொன்னாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அன்றைக்கு நிமிர்ந்தாள்.

"இர்ஷானாவையா மெடம்?"

"ஓம் வதனி. ஒரு ஆளுக்குத்தான் செலவு தாறாங்க. அங்க இங்கிலீசில கேள்வி கேப்பாங்க, நிண்டு பதில் சொல்லோணும். உங்கட கை இல்லாட்டி இந்த வேலையே இல்ல. அது எனக்குத் தெரியும். நீங்க ஒண்டும் நினைச்சுக்கொள்ளாதீங்க."

"நான் என்னத்த மெடம் நினைக்கப்போறன்" என்றாள் வதனி. எலி மெல்ல அசைந்தது. அதைக் கூண்டுக்குள் உமிப் படுக்கையில் இறக்கிவிட்டு, கையுறையைக் கழற்றி, கையைக் கழுவினாள். கழுவிய கையையே திரும்பவும் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தில் மெடம் வெளியே போனது கூடக் கேட்கவில்லை.

கல்லடிப் பக்கத்தில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இரண்டு மாடிக் கட்டடம் அந்த ஆராய்ச்சி நிலையம். பெண்களுக்கு வருகிற எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயைப் பற்றித்தான் அங்கே வேலை நடந்தது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் வெளியே வந்து, குடலிலும் முட்டை விளைகிற சூலகத்திலும் ஒட்டிக்கொண்டு வளரும். மாதவிலக்கு வரும்போதெல்லாம் ஒட்டிய இடமும் வீங்கும், இரத்தம் கசியும், வலி உயிரை எடுக்கும். எலிகளுக்கு இது தானாக வராது, வர வைக்க வேண்டும். எலியின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். அதில் ஒன்றை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, குடலுக்குப் போகிற இரத்தக் குழாய்களின் ஓரத்தில் தைத்துவிட்டால், சில வாரத்தில் அந்தத் துண்டுகள் நீர் கோத்துக் கட்டிகளாக எழும்பும். பிறகு ஒரு பகுதி எலிகளுக்கு வீக்கத்தைத் தணிக்கிற மருந்து, மறுபகுதிக்கு வெறும் தண்ணீர். கடைசியில் வயிற்றைத் திறந்து, கட்டி சுருங்கியதா என்று அளந்து பார்ப்பார்கள். மருந்து ஒன்றும் புதிதில்லை. மூட்டு வலிக்காரர்கள் பாமசியில் வாங்கி விழுங்குகிற மாத்திரைதான்.

அந்தத் தையலைப் போடுகிற கை வதனியுடையது. தலைமயிரை விட மெல்லிய நூல். அவளுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவரின் மேசையில் பாதி எலிகள் செத்துப்போனதாகப் பேச்சு. வதனி வந்த பிறகு சாவு அரிதாகிவிட்டது. செங்கலடியில் கடைக்காரன் மகளாகப் பிறந்து, விலங்கியல் படித்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகும் விடாமல் மேற்படிப்புக்குப் பதிந்தவள் அவள். இந்த எலிகள்தான் தன் பெயரைச் சொல்லும் என்று இருந்தாள்.

இர்ஷானா பின்னால் வந்தவள். ஏறாவூர்ப் பிள்ளை, வதனியை விட எட்டொன்பது வயது இளையவள். எலிகளை நிறுப்பது, மருந்து பருக்குவது, கட்டிகளை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அவள் வேலை. அதோடு பேசுவதும். வெளியிலிருந்து ஆள் வந்தால் மெடம் கூப்பிடுவது அவளைத்தான். கொழும்பில் படித்த இங்கிலீசு, தண்ணீர் ஊற்றின மாதிரி வரும்.

வதனிக்கு அவள்மேல் எரிச்சல் ஒரே நாளில் வந்ததில்லை. முதல் வருடம் செங்கலடிச் சந்தியில் பஸ் ஏறும் வதனி, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம்பிடித்துக்கொண்டு வருவாள். ஏறாவூரில் இர்ஷானா ஏறி, "அக்கா இல்லாட்டி நான் நிண்டுதான் போகோணும்" என்று சொல்லி உட்காருவாள். ஒருநாள், நல்ல சனம் நெருக்கிய பஸ்ஸில், கத்தரிக்காய் மூட்டையோடு வந்த ஒரு மனுசி "இதுல ஆளிருக்கா புள்ள?" என்று கேட்டாள். "இல்ல, இருங்க" என்று வதனி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏறாவூரில் ஏறிய இர்ஷானா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சிரித்தாள். வதனி வெளியே வயலைப் பார்த்தாள்.

பிறகு எல்லாமே கண்ணில் குத்தத் தொடங்கியது. வாசல் காவலாளி இர்ஷானாவிடம் மட்டும் நலம் கேட்பது. சோற்றுப் பெட்டியைத் திறந்தால் எழும்புகிற மணம். கட்டாரில் இருக்கிற புருசன் றிப்ஷான் நினைத்த நேரத்துக்கு எடுக்கிற வீடியோ அழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் எடுக்கிற லீவு. மாதம் பிறந்தால் இரண்டு மூன்று நாள் அவள் வர மாட்டாள். மெடம் ஏனென்று கேட்கவும் மாட்டார். தன் மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்த கிழமையிலும் எலி அறுவைக்கு வந்து நின்றவள் வதனி.

மாநாட்டுச் செய்தியைச் சொன்னபோது அவள் புருசன் ரதீஸ் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல், "நீயும் ரெண்டு வரியம் இங்கிலீசு படிச்சிருக்கலாம்" என்றான்.

"நான் படிச்சது காணாதா?"

"காணாதெண்டு நான் சொல்லல்ல. அவ பேசுவா, நீ தைப்பாய். அதுக்கேத்த மாதிரித்தான் நடக்கும்."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் இறங்கி நின்றுகொண்டது. பேசுகிறவள் ஒருத்தி, தைக்கிறவள் ஒருத்தி.

எலிகளுக்கு வலி எவ்வளவென்று கணிப்பதும் வதனியின் வேலைதான். எலி வாயால் சொல்லாது, முகத்தால் சொல்லும். கண் இடுங்கும், கன்னம் தட்டையாகும், காது பின்னுக்கு மடியும், மீசை விறைக்கும். படம் படமாகப் பார்த்துப் பழகி, ஒரு பார்வையில் புள்ளி போடுகிற அளவுக்கு அவள் தேர்ந்திருந்தாள். மருந்து குடித்த எலிகளின் முகம் நாளுக்கு நாள் தெளிந்து வந்ததை முதலில் கண்டவளும் அவள்தான்.

ஒருநாள் காலையில் உமி மாற்றப் போனபோது, கூண்டு வரிசைக்குப் பின்னால், சுவர் மூலையில் இர்ஷானா குந்தியிருந்தாள். முழங்காலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் இடுங்கியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. மேலுதட்டில் வியர்வை. இதே முகத்துக்கு எத்தனையோ எலிகளுக்கு ஆகக் கூடின புள்ளியை அவள் போட்டிருக்கிறாள்.

"என்னகா? என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல அக்கா. கொஞ்சத்தால போயிரும்."

வதனி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலி இறங்க நேரம் எடுத்தது. இறங்கிய பிறகு இர்ஷானா தானாகச் சொன்னாள். பதினாலு வயசிலிருந்து இருக்கிறது. வயிற்று வலிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பெயர். கலியாணத்துக்குப் பிறகு கொழும்பில் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்துத்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள், திரும்பவும் வந்துவிட்டது. மெடத்துக்கு நோயைப் பற்றித் தெரியும், அதுதான் லீவு.

"மாத்திரை குடிக்கிறல்லயா?"

இர்ஷானா கூண்டுகளைப் பார்த்தாள். "இவங்கட மாத்திரைதான் அக்கா. டொக்டர் அந்த மூணு நாலு நாளைக்கு மட்டும் போடச் சொன்னவர். நம்மட எலிக்குக் கட்டி சுருங்கினதப் பாத்துட்டு, நான் இனி ஒவ்வொரு நாளும் போடப்போறன். அவர் லீவுல வாறார். கட்டார்க்காரன் குடுக்கிறது ரெண்டு மாசம். பிள்ளை ஒண்டு தங்கினா அந்த ரெண்டு மாசத்துக்குள்ளதான் தங்கோணும். வலியோட கிடந்தா எப்பிடி அக்கா? இத ஆருக்கும் சொல்லிராதீங்க. பெத்த உம்மாக்கும் தெரியா."

அன்று பின்னேரம் பஸ்ஸில் வதனி முந்தி ஏறி, பையை வைத்து இடம்பிடித்தாள். ஏறாவூரில் இறங்கும்வரை இர்ஷானாவின் பையையும் தன் மடியில் வைத்திருந்தாள். பாவம், எவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்தாள். எலியின் மூஞ்சியைப் படிக்கத் தெரிந்த எனக்கு இந்தப் பிள்ளையின் மூஞ்சி தெரியவில்லையே என்று வெட்கப்பட்டாள்.

அந்த இரக்கம் அடுத்த நாள் மதியம்வரைதான் தாங்கியது. மதியம் மெடத்தின் அறைக்குள் இர்ஷானா தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நோயாளிப் பெண்கள் படும்பாட்டைப் பற்றி அவள் இங்கிலீசில் சொன்ன இடத்தில் குரல் தழுதழுத்தது. மெடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வெளியே வதனி எலித் தட்டோடு நின்று கேட்டாள். நோயும் இவளுக்கே வந்து வாய்த்திருக்கிறது! இனி அந்த மாநாட்டு மண்டபத்தில் இவள் சொல்லுக்குத் தனி எடை. எனக்கு என்ன இருக்கிறது? வலியில்லாத வயிறும் ஓர் ஊசியும்.

இப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டியும் நினைப்புப் போகவில்லை. தனக்கென்று ஒன்று வேண்டும், இர்ஷானாவின் கண் படாத, அவள் வாயால் சொல்லப்படாத ஒன்று என்று தேடத் தொடங்கினாள்.

அலுமாரியின் அடித்தட்டில் சீசாக்கள் இருந்தன. எலிகளைத் திறக்கும்போது கட்டிகளோடு சூலகங்களையும் வெட்டி மருந்துநீரில் போட்டு வைப்பது வழமை. எல்லோரும் கட்டியைத்தான் பார்த்தார்கள். சூலகத்தைப் பார்க்கச் சொல்லி மெடம் கேட்கவில்லை, இர்ஷானாவும் கேட்கவில்லை. வதனி அவற்றை எடுத்து மெழுகில் பதித்தாள். மெல்லிய மெல்லிய சீவலாகச் சீவி, சாயமிட்டு, மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரங்களில் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள்.

தண்ணீர் குடித்த எலிகளின் சூலகத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முட்டைப் பைகள் முதிர்ந்து, வெடித்து, முட்டை வெளியேறிப் போயிருந்தது. மருந்து குடித்த எலிகளிலோ பைகள் முதிர்ந்திருந்தன, தடித்திருந்தன, வெடிக்கவில்லை. வெளியே போயிருக்க வேண்டிய முட்டை உள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது. ஒன்றில் இல்லை, பார்த்த எல்லாவற்றிலும் அப்படித்தான். கட்டியைச் சுருக்கிய அதே மருந்து முட்டையையும் போக விடாமல் மறித்திருக்கிறது.

வதனி கண்ணை எடுத்தாள். இந்தச் சாதி மாத்திரைகள் முட்டையை மறிக்கும் என்று எப்போதோ புத்தகத்தில் படித்த ஞாபகம். ஆனால் இந்த நோய் எலிகளில், இந்த அறையில், இதைக் கண்டது நான். அவள் எழும்பி நின்று, ஒரு காரணமும் இல்லாமல் யன்னலைத் திறந்தாள். வாவிக்காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் இர்ஷானாவின் நினைவு வந்தது. றிப்ஷான் வந்து இறங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

சொல்ல வேண்டும் என்று உடனேயே நினைத்தாள். பின்னேரம் பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் அன்று பின்னேரம் வாசலில் றிப்ஷான் மோட்டார் சைக்கிளோடு நின்றான். இர்ஷானா கையசைத்துவிட்டு ஏறிப் போனாள். அவள் போட்டிருந்த அபாயாவின் ஓரத்தில் புதுப் பூ வேலை. நாளைக்குச் சொல்லலாம் என்றானது.

நாளைக்கு வேறு நியாயங்கள் வந்தன. இன்னும் சில சூலகங்களைப் பார்த்து உறுதிப்படுத்தாமல் எப்படிச் சொல்வது? எலிக்கு நடப்பது மனுசிக்கும் நடக்கும் என்று என்ன நிச்சயம்? இப்போது சொன்னால் இர்ஷானா மெடத்திடம் ஓடுவாள், மெடம் அதையும் அவள் பேச்சிலேயே சேர்த்துவிடுவார். எல்லாவற்றையும் எழுதி, தன் பெயரைப் போட்டு, முழுதாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சொல்வோம். கொஞ்ச நாள்தானே. இப்படியே நாள்கள் கிழமைகளாகின.

அந்தக் கிழமைகளில் இர்ஷானா பூத்துக் கிடந்தாள். வலியில்லை, லீவில்லை. கையில் மருதாணி. கட்டாரிலிருந்து வந்த பேரீச்சம்பழமும் சொக்லட்டும் கூடமெங்கும் பங்கானது. வதனிக்கென்று தனியாக ஒரு சென்ட் போத்தல். "இது நல்ல சாமான் அக்கா, உங்களுக்கெண்டு அவருக்கிட்டச் சொல்லி எடுப்பிச்சன்." வதனி அதை வாங்கி வீட்டு அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் இர்ஷானா சாப்பிட்ட கையோடு மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாள். தொண்டையில் அது இறங்குவதைக் கூடப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இர்ஷானா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

"இந்த மாசம் தங்கல்ல அக்கா" என்றாள். "பரவால்ல, அவர் போக முந்தி இன்னொரு மாசம் இரிக்கி. அல்லாஹ்விட்ட துஆச் செஞ்சிட்டுத்தான் இரிக்கன்."

வதனி மீன் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

"அக்கா, நீங்கதானே எலியத் திறக்கிற. இந்த மருந்து அதுகளுக்கு வேற ஏதும் செய்யுதா? பிள்ளை கிடைக்கிறதுக்கு ஏதும் கெடுதியா?"

நேரான கேள்வி. அவள் முகம் முழுக்க நம்பிக்கை.

"நான் பாத்த அளவுல ஒண்டுமில்லகா" என்றாள் வதனி.

சொல்லி முடித்ததும் வாயிலிருந்த சோறு மண் மாதிரி ஆனது. இதுவரை செய்ததற்குப் பேச்சில்லாமல் இருந்தது என்று பெயர் சொல்லலாம். இதற்கு வேறு பெயர் இல்லை. இர்ஷானா பெருமூச்சு விட்டு, "அப்பாடா" என்று மாத்திரைப் பையைத் திறந்தாள்.

வீட்டுக்குப் போன வதனிக்கு மகன் பள்ளிக்கூடக் கதை சொன்னது காதில் ஏறவில்லை. ரதீஸ் முகத்தைப் பார்த்துவிட்டு, "மலேசியாக் கவலை இன்னும் போகல்லயா?" என்று கேட்டான்.

"ஒரு பொய் சொல்லிப்போட்டன்" என்றாள் அவள். என்ன பொய் என்று அவன் கேட்டதற்கு முழுவதையும் சொன்னாள். அவன் மகனை உள்ளே அனுப்பிவிட்டு வந்தான். பிறகு, "நாளைக்குச் சனிக்கிழமை. நான் ஏறாவூருக்குக் கொண்டு போய் விடுறன்" என்றான்.

ஏறாவூர் வீட்டு முற்றத்தில் றிப்ஷான் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். ரதீஸ் ஒழுங்கை முனையிலேயே நின்றுகொண்டான். வதனியைக் கண்டதும் றிப்ஷான் குழாயை மூடிவிட்டு, "வாங்க வாங்க, வதனி மிஸ்தானே? உங்கட கையப் பத்திச் சொல்லாத நாளில்ல இவ. அந்த மாதிரித் தையல் கொழும்புலயும் இல்லயாம்" என்றான்.

அந்த வார்த்தைக்கு வதனியால் சிரிக்க முடியவில்லை. அவன் உள்ளே போய் இர்ஷானாவை அனுப்பினான். முன் அறையில், புதுக் கதிரைகளின் பொலித்தீன் உறை கூடக் கழற்றப்படாத அந்த அறையில், இருவரும் தனியே உட்கார்ந்தார்கள். வதனி சுற்றி வளைக்கவில்லை. சூலகத்தில் கண்டதைச் சொன்னாள். வெடிக்காத பைகளைச் சொன்னாள். மாத்திரையை நிறுத்தினால் சரிவரக்கூடும், டொக்டரிடம் உடனே கேளுங்க என்றாள்.

இர்ஷானா அசையாமல் கேட்டாள். முடிந்ததும், "இது எப்ப கண்ட?" என்றாள்.

"அவர் வந்து ஒரு கிழமையால."

"அப்ப நேத்து நான் கேக்கக்குள்ள தெரியும்?"

"தெரியும்."

"ஏன் அக்கா?"

வழியெல்லாம் வதனி பல பதில்கள் யோசித்து வைத்திருந்தாள். உறுதிப்படுத்த வேண்டியிருந்தது, எழுதி முடிக்கவில்லை, பயமாக இருந்தது. அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"உங்கட மேல எரிச்சல்" என்றாள். "நீங்க வந்த நாள்ள இருந்து. எல்லாத்துலயும்."

உள்ளே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. இர்ஷானா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். மருதாணி வெளிறிப் போயிருந்தது.

"என்னில எரிச்சல்படுறதுக்கு என்ன அக்கா இரிக்கி?" என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். பிறகு குரல் உடைந்தது. "உங்களுக்கு மகன் இரிக்கான். புருசன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வாறார். நான் இத உங்களுக்கு மட்டும்தான் சொன்னன். போங்க அக்கா. இப்ப போங்க."

வதனி போனாள்.

திங்கட்கிழமை மெடத்தின் அறையில் மூவரும் இருந்தார்கள். சூலகச் சீவல்களை மெடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப் போனது. "இத நானே பாக்கச் சொல்லியிருக்கோணும்" என்று முதலில் தன்னை நொந்தார். பிறகு வதனியைப் பார்த்து, "கண்ட அண்டைக்கே என்னட்ட வந்திருக்கோணும். எலி விசயம் எண்டாலும் வந்திருக்கோணும். இது எலி விசயமும் இல்ல" என்றார். வதனி தலையைக் குனிந்துகொண்டாள். வேலை போகும் என்றுதான் நினைத்தாள்.

இர்ஷானா குறுக்கிட்டாள். "மெடம், இது இல்லாம நான் அங்க போய்ப் பேச ஏலா. கட்டி சுருங்குது எண்டு மட்டும் சொன்னா, என்ன மாதிரி இன்னும் எத்தின பேர் பாமசிக்கு ஓடுவாங்க. கண்டது அவங்க. அவங்களே போய்ச் சொல்லட்டும்." வதனியின் பக்கம் அவள் திரும்பவில்லை. "நான் அவங்களுக்கு விட்டுக் குடுக்கல்ல. எனக்கு இப்ப வெளிநாடு போற உடம்பு இல்ல. அவர் போறவரைக்கும் நான் வீட்ட இரிக்கோணும்."

மாத்திரையை நிறுத்திய கையோடு இர்ஷானாவுக்கு வலி திரும்பி வந்துவிட்டது. றிப்ஷான் அதை முதல் தடவையாகக் கண்ணால் கண்டான் என்றும், கண்ட அன்றே அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான் என்றும் பிறகு மெடம் சொல்லித்தான் வதனிக்குத் தெரியவந்தது. எந்த நாள்களில் மாத்திரை போடலாம், எந்த நாள்களில் தொடவே கூடாது என்று டொக்டர் பிரித்துச் சொல்லியிருந்தார். இரண்டாவது மாதமும் தங்கவில்லை. லீவு முடிந்து றிப்ஷான் கட்டாருக்குப் போனான்.

வதனி மலேசியாவுக்குப் போனாள். ஆசைப்பட்டது அதுதான். மேடையில் ஏறி, மனப்பாடம் செய்த இங்கிலீசை ஒப்புவித்தாள். வெடிக்காத முட்டைப் பைகளின் படம் திரையில் பெரிதாக விழுந்தபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அது அவளுக்காக எழுந்த சலசலப்பு. அதில் ஒரு கணம் நனைந்தாள், மறுக்க முடியாது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழும்பி, மருந்தை நிறுத்தினால் முட்டை திரும்ப வெளியேறுமா என்று கேட்டாள்.

வதனிக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை அவளுக்கு முன்னமே ஒருத்தி கேட்டிருந்தாள். றிப்ஷான் கட்டாருக்குப் போன பிறகு வேலைக்கு வந்த முதல் நாளே, மருந்து குடித்த எலிகளில் சிலதை உயிரோடு வைத்து, மருந்தை நிறுத்தி, ஆண் எலிகளோடு விட வேண்டும் என்று இர்ஷானா மெடத்திடம் கேட்டு வாங்கித் தொடங்கிவிட்டாள். "அதை என்னுடைய சக ஆய்வாளர் செய்துகொண்டிருக்கிறார்" என்று வதனி தட்டுத் தடுமாறிச் சொல்லி, பெயரையும் சொன்னாள். கேள்வி கேட்ட பெண், எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் குறிக்கப்படுகிறது இர்ஷானாவின் பெயர்தான். வதனிக்குப் பழைய எரிச்சல் சுருக்கென்று தைத்தது. தைத்ததும், இதுவும் என்னோடேயே இருக்கப்போகிறதா என்று தன்னிலேயே சலித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபின் இருவரும் வேலைப் பேச்சுத் தவிர வேறு பேசவில்லை. தட்டைத் தாங்க, எடையைச் சொல்லுங்க, கூண்டு கழுவியாச்சா, இவ்வளவுதான். வதனி மன்னிப்புக் கேட்டாள், ஒருமுறை இல்லை, பலமுறை. இர்ஷானா ஒவ்வொரு முறையும், "சரி அக்கா" என்பாள். அந்தச் சரியில் ஒன்றும் இருக்காது.

பிறகு ஒரு காலைநேரம் எலிக்கூடத்திலிருந்து, "அக்கா, இஞ்ச வாங்க" என்று இர்ஷானா கூப்பிட்டாள். அவள் தானாகக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. வதனி ஓடினாள்.

மருந்து நிறுத்திய எலிகளில் ஒன்று குட்டி போட்டிருந்தது. ஒரு கொம்பை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சியிருந்த ஒற்றைக் கொம்பில் தங்கிய குட்டிகள். உமிக்குள் சிவப்புச் சிவப்பாக, கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வயிற்றில் வதனியின் தையல் தழும்பு தெரிய, தாய் எலி குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

இர்ஷானா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் குட்டிகளை விட்டு அசையவில்லை.

"நல்ல செய்திதானே அக்கா. நிப்பாட்டினாத் திரும்பி வருது" என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆனா இதப் பாக்க எனக்குப் பொறுக்குதில்ல. ஒரு எலியில போய் இப்பிடி வயித்தெரிச்சல் வருமா மனுசருக்கு?" என்றாள்.

"வரும்" என்றாள் வதனி.

இர்ஷானா திரும்பி அவளைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. முக்காட்டு ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தராசை இழுத்து நடுவில் வைத்தாள்.

"சூடு போக முந்தி நிறுக்கோணும். உங்கட கைதான் மெது. நீங்க எடுத்துத் தாங்க" என்றாள்.

வதனி கையுறையை மாட்டிக்கொண்டு, தாய் எலி வெருளாத விதமாக உமிக்குள் கையை நுழைத்து, முதல் குட்டியைத் தூக்கினாள்.